“கண்டுக்காதே” என்று இனி என் மகளிடம் சொல்ல மாட்டேன்

பாலர் பள்ளி முதல்வருக்கும் நிர்வாகத்தினருக்கும்,

சென்ற திங்கட்கிழமை நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலை நான்கு தடவை படித்துவிட்டேன். பிள்ளைகளிடம் இனத்தைப் பற்றியும் தோல் நிறத்தைப் பற்றியும் எப்படிப் பேசுவது என்று பெற்றோருக்குச் சொல்லித்தர ஒரு மாலைக் கூட்டம் வையுங்கள் என்று பதினொரு பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கேட்டிருந்தோம். முடியாது என்று சொல்லிவிட்டீர்கள். ஐந்து வயதில் பிள்ளைகளுக்கு இனம் என்றால் என்னவென்றே தெரியாது, தெரியாததை நாமே சொல்லிப் பழக்க வேண்டாம் என்பது முதல் காரணம். பெற்றோருக்குள் மனக்கசப்பு வரும் என்பது இரண்டாவது. வழக்கம்போல ஜூலையில் இன நல்லிணக்க நாள் உண்டு, பிள்ளைகளைப் பாரம்பரிய உடையில் அனுப்பிவையுங்கள் என்று மின்னஞ்சல் முடிகிறது.

இந்தப் பதிலை வாங்கிக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இதன் ஆங்கில வடிவத்தை உங்களுக்கு அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதிப் பொதுவில் வைப்பதற்குக் காரணம், சிங்கப்பூரில் உங்கள் பள்ளியைப் போன்ற பள்ளிகளில் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் தமிழ்ப் பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும். அவர்களோடும் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஜாக்கெட் விஷயம்.

என் மகள் உங்களிடம் கே1 படிக்கிறாள், ஐந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்பு. பிப்ரவரிக் கடைசியிலிருந்து தினமும் காலையில் ஜாக்கெட் வேண்டும் என்று ஒரே அடம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், இவள் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிட்டுக்கொண்டு கிளம்புவாள். வகுப்பில் ஏர்கான் ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்து, மாற்றிப் போட இன்னொன்றும் வாங்கிக்கொடுத்தேன். மார்ச்சில் ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்து மூன்றரை மணிக்கே அழைக்க வந்தபோது, பிள்ளைகள் விளையாட்டுத் திடலிலிருந்து இரண்டிரண்டு பேராகக் கைகோத்து வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். என் மகளும் ஜோடியோடுதான் வந்தாள். ஆனால் அவள் கை வெளியே தெரியவில்லை. ஜாக்கெட்டின் கையை விரல்நுனி தாண்டி இழுத்துவிட்டு, தொங்குகிற அந்தத் துணி முனையை நீட்டியிருந்தாள். பக்கத்துப் பிள்ளை அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டேன். “இப்படி இருந்தாத்தான் அவ பிடிப்பாம்மா. என் கை கறுப்பு, அவளுக்கு ஒட்டிக்கும்” என்றாள். பென்சிலை எங்கே வைத்தாய் என்று கேட்டால் எப்படிச் சொல்வாளோ அதே குரல். அழவில்லை, யாரைப் பற்றியும் குறை சொல்லவில்லை. ஒரு சிக்கல் வந்தது, அதற்கு அவளாகவே ஒரு வழி பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான் அவளுக்கு. மூன்று வாரமாக ஒரு ஐந்து வயதுப் பிள்ளை தன் கையை ஒளித்துவைத்துக்கொண்டு திரிந்திருக்கிறது, பெற்ற எனக்கும் தெரியவில்லை, வகுப்பிலிருந்த இரண்டு ஆசிரியர்களுக்கும் தெரியவில்லை.

அன்று நான் அவளிடம் சொன்னது, “கண்டுக்காதே கண்ணு.” வேறு எதுவும் என் வாயில் வரவில்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் என் அம்மா எனக்குச் சொன்ன அதே சொல் அது. நான் தொடக்கப்பள்ளியில் படித்தபோது கேன்டீன் வரிசையில் நின்றால் பின்னாலிருந்து “அப்புநேநே” என்று பாடுவார்கள். இந்தியரைக் கேலி செய்யும் சொல் அது, இங்கே வளர்ந்த தமிழர் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. அம்மாவிடம் போய் அழுதேன். “கண்டுக்காதே, நல்லாப் படி, தானா வாயை மூடிக்குவாங்க” என்றார். நன்றாகத்தான் படித்தேன். பாட்டு நிற்கவில்லை. நான் கேன்டீனுக்குப் போவதை நிறுத்திவிட்டு இடைவேளையில் நூலகத்தில் போய் உட்கார ஆரம்பித்தேன், வீட்டில் எல்லோரும் பிள்ளைக்குப் புத்தகத்தின் மேல் எவ்வளவு ஆசை என்று சந்தோஷப்பட்டார்கள். என் மகளின் ஜாக்கெட்டை நான் ஏர்கானோடு முடிச்சுப் போட்டதும் அதே கதைதான். பிள்ளை வாய் திறந்து சொல்வதற்கு நாம் ஒரு சொல்லும் கொடுத்து வைக்கவில்லை, அதனால் அது வேறு வழியில் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, நாம் பார்த்துவிட்டு வேறு எதையோ நினைத்துக்கொள்கிறோம்.

மறுநாள் உங்களிடம் வந்தேன். ஆசிரியர் நல்லவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு பிள்ளைகளையும் அழைத்து, நாம் எல்லோரும் நண்பர்கள், அப்படியெல்லாம் பேசக்கூடாது என்று சொல்லி, ஸாரி சொல்ல வைத்து, ஜோடியையும் மாற்றிவிட்டார். “சின்னப் பிள்ளைங்கதானே, அர்த்தம் தெரியாமச் சொல்றாங்க” என்று நீங்களும் என்னைச் சமாதானப்படுத்தி அனுப்பினீர்கள். கறுப்பு என்றால் ஒட்டுமா, ஒட்டாதா என்று அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் யாரும் கடைசிவரை சொல்லவே இல்லை. கேட்ட ஒரே கேள்வி அதுதான், அதற்குத்தான் பதில் இல்லை.

அந்தப் பிள்ளையின் அம்மாவோடு நான் பேசினேன். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், கல்மேசையில் உட்கார்ந்து. போகும்போது எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது, ஒளிக்கவில்லை. அவர் முகம் அப்படியே வெளுத்துப் போனது. எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார், நான் முழுசாக நம்பவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். உங்கள் பள்ளியில் கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறதே, அந்தப் படம். இடது பக்கம் பழுப்பு நிறக் கை, அதைச் சுற்றிப் பல்லைக் காட்டும் கிருமிகள். வலது பக்கம் ரோஜா நிறக் கை, பக்கத்தில் பளிச்சென்று நட்சத்திரங்கள். தன் மகளிடம் பொறுமையாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார். “சோப்புப் போட்டா வெள்ளையாகிடும், அவ சரியாக் கழுவல, கிருமி ஒட்டும்” என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது.

அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளையிடம் யாரும் வெறுப்பை ஊட்டவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து தடவை அந்தப் படத்தைப் பார்த்துக் கைகழுவுகிறது, பக்கத்தில் நிற்பவள் எத்தனை தடவை கழுவினாலும் நிறம் மாறுவதில்லை, காரணத்தைப் பெரியவர்கள் யாரும் சொல்லவில்லை, அதுவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. “நான் என்ன சொல்லணும் அவளிடம்? எனக்கு உண்மையாவே தெரியல” என்று அந்த அம்மா எனக்கு எழுதியிருந்தார். எனக்கும் தெரியவில்லை. இந்தக் கூட்டத்தைக் கேட்கலாம் என்ற எண்ணமே அங்கிருந்துதான் வந்தது. உங்களுக்கு வந்த தாளில் என் கையெழுத்துக்கு அடுத்த கையெழுத்து அவருடையது.

மனக்கசப்பு வரும் என்கிறீர்கள். அந்தத் தாளை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். நான்கு தமிழர், நான்கு சீனர், இரண்டு மலாய்க்காரர், பிலிப்பீன்ஸிலிருந்து வந்து குடியேறிய ஒருவர். நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளவா சேர்ந்து வந்து கேட்டோம்?

அடுத்து, இந்த வயதில் ஒன்றும் தெரியாது என்பது. நான் ஆராய்ச்சியாளர் இல்லை, தாதி. ஆனால் இந்த இரண்டு மாதமாகத் தேடித் தேடிப் படித்தேன். பிறந்த குழந்தைக்கு எல்லா இனத்து முகமும் ஒன்றுதான், மூன்று மாதத்திலேயே தன்னைச் சுற்றி அதிகம் காணும் இனத்தாரின் முகத்தைக் கூடுதல் நேரம் பார்க்கத் தொடங்கிவிடுகிறது என்று 2005-இல் ஓர் ஆய்வு காட்டியது. அது வெறுப்பு இல்லை, கண்ணுக்கு வந்த பழக்கம். அமெரிக்காவில் 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதி, 3 முதல் 7 வயதுக் கறுப்பினப் பிள்ளைகள் 253 பேரிடம் நிறத்தைத் தவிர எல்லாம் ஒன்றாக இருக்கும் பொம்மைகளைக் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின. இதில் எது உன்னைப் போல என்று கேட்டபோது சில பிள்ளைகள் அழுதிருக்கின்றன. 1954-இல் பள்ளிகளில் இனவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்துவைப்பது அரசமைப்புக்கு எதிரானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது கென்னத் கிளார்க் எழுதிய ஓர் ஆய்வறிக்கையையும் குறிப்பிட்டது.

அது அமெரிக்கா, அந்தக் காலம் என்பீர்கள். சரி, இங்கேயே வாருங்கள். சிங்கப்பூரில் 3 முதல் 7 வயதுள்ள சீன, இந்தியப் பிள்ளைகள் 158 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. முகத்தைப் பார்த்து இனவாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள், மனதுக்குள் எந்தப் பக்கம் சாய்வு இருக்கிறது என்றும் அளந்தார்கள். முகங்களை எந்த அளவுக்கு நன்றாகப் பிரிக்கத் தெரிந்ததோ அந்த அளவுக்குச் சாய்வும் கூடியிருந்தது. சீனப் பிள்ளைகளிடம் தம் இனத்துப் பக்கம் சாய்வு தெரிந்தது. இந்தியப் பிள்ளைகளிடம் அது இல்லை. நம் பிள்ளைகளுக்குப் பாரபட்சம் இல்லையே என்று முதலில் ஒரு நொடி பெருமையாக இருந்தது. அப்புறம் ஜாக்கெட் ஞாபகம் வந்தது. தன்னைப் போன்ற முகத்தைப் பார்த்தால் ஒரு பிள்ளைக்குத் தானாக வரவேண்டிய பிரியம் ஏன் வரவில்லை என்று யோசித்தபோது அந்தப் பெருமை எங்கே போனதென்று தெரியவில்லை.

உங்கள் வகுப்பிலேயே காதைக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். மனிதரை வரையும்போது பிள்ளைகள் “ஸ்கின் கலர் கொடு” என்று கேட்பது எந்த வண்ணப் பென்சிலை? வெளிர் இளஞ்சிவப்பை. என் மகளும் அதைத்தான் கேட்கிறாள், தன்னையே அந்த நிறத்தில்தான் வரைகிறாள். அந்த நிறத்துக்கு ‘சதை நிறம்’ என்று பெயர் வைத்திருந்த கிரயோலா நிறுவனமே 1962-இல் பெயரை ‘பீச்’ என்று மாற்றிவிட்டது. அறுபது வருடம் தாண்டியும் நம் வகுப்பில் பழைய பெயர்தான் ஓடுகிறது.

எங்கள் புளோக்கில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். என் அப்பா முப்பது வருடம் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், ஹொக்கியன் என்ற சீன மொழியை நன்றாகப் பேசுவார். போன வருடம் ஒரு நாள் மின்தூக்கியில் நானும் அவரும் நிற்கிறோம், தள்ளுவண்டியில் இருந்த ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. அதன் பாட்டி அப்பாவைக் கைகாட்டி ஏதோ சொன்னார், குழந்தை கப்சிப். வெளியே வந்து என்னப்பா சொன்னாங்க என்று கேட்டேன். “அழுதா இந்தக் கறுப்பன்கிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்னு சொல்லுது” என்று சொல்லிவிட்டு, சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். அவ்வளவுதான், அதைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பாட்டி எங்களுக்குத் தெரிந்தவர், சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு கொடுத்தனுப்புகிறவர், அம்மா காலில் அடிபட்டுக் கிடந்தபோது சூப் கொண்டுவந்தவர். 1989-இலிருந்து வீவக என்ற அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி புளோக்குகளில் எல்லா இனத்தாரும் கலந்து வாழ வேண்டும் என்று விகிதம் வைத்திருக்கிறார்கள், அதனால்தான் எங்களுக்கு அப்படி ஓர் அக்கம்பக்கம் கிடைத்தது, அதற்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனாலும் அந்தத் தள்ளுவண்டிக் குழந்தை என் அப்பாவைப் பூச்சாண்டியாகப் படித்துக்கொண்டுதான் ஒரு பாலர் பள்ளிக்குள் காலெடுத்து வைக்கும்.

இப்போது தமிழ்ப் பெற்றோருக்கு. நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் காது மடலைப் புரட்டிப் பார்த்து, பெரிசானா என்ன நிறம் வரும் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். “வெயில்ல ஆடாதே, கறுத்துடுவே.” “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா.” அந்த ‘இருந்தாலும்’ என்ற ஒரு சொல் பிள்ளையின் காதில் விழாது என்று நினைக்கிறோமா? 1975-இலிருந்து வெள்ளையானால்தான் அழகு என்று விற்ற களிம்பு 2020-இல் பெயரிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டது, நம் பேச்சிலிருந்து நாம் இன்னும் எடுக்கவில்லை. மற்றவர்களைப் பற்றி நாம் சாப்பாட்டு மேசையில் பேசும் பேச்சும் பிள்ளைகளுக்குக் கேட்கிறது. சீனன் அப்படித்தான், மலாய்க்காரன் இப்படித்தான் என்று போகிற போக்கில் சொல்கிறோம். வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றிச் சொல்வதை எழுதவே கை கூசுகிறது.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், எம்ஆர்டி ரயிலில், கட்டுமானத் தளத்திலிருந்து பூட்ஸில் மண்ணோடு ஒருவர் ஏறினார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. நான் என்னையறியாமல் மகளை என் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டேன். அவர் பார்த்தார். உட்காரவில்லை, கதவோரமாகப் போய் நின்றுகொண்டார். போன் வந்தது, எடுத்து, “சாப்டியாடா, ஹோம்ஒர்க் முடிச்சியா” என்று தமிழில் பேசினார். அவருக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது. “ஏம்மா அந்த அங்கிள் உக்காரல?” என்று மகள் கேட்டாள். ஷ்ஷ் என்று வாயை அடைத்தேன். அவள் அன்று கற்றுக்கொண்டது நான் சொல்லிக்கொடுத்ததுதான். பாலர் பள்ளி என்ன செய்யவில்லை என்று கேட்கும்போது, என் கையையும் நான் பார்க்கத்தான் வேண்டும்.

அதனால் வீட்டில் தொடங்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் நான், அவள் அப்பா, தாத்தா, அவள், நால்வரும் மேசைமேல் கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். நான்கும் நான்கு நிறம். தோலுக்குள் மெலனின் என்று ஒன்று இருக்கிறது, எல்லோருக்கும் உண்டு, சிலருக்குக் கூட, சிலருக்குக் குறைச்சல், வெயிலுக்கு அது குடை மாதிரி என்றேன். “தாத்தாவுக்குத்தான் பெரிய குடை” என்று அவள் கத்தினாள், அப்பா சிரித்தார். அதற்கப்புறம் ஜாக்கெட் பேச்சை எடுத்தேன். அவ சொன்னது தப்பு. நிறம் ஒட்டாது. உன் கை சுத்தமா இருக்கு, அது அழகான கை. நிறத்தைக் காட்டி ஒருத்தரை ஒதுக்கினா அது அநியாயம், அநியாயம் நடந்தா டீச்சர்கிட்டயும் அம்மாகிட்டயும் சொல்லணும், நாங்க கேப்போம். இவ்வளவுதான் சொன்னேன். ‘அநியாயம்’ என்ற சொல்லை இரண்டு முறை தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது நன்றாகப் புரிகிற சொல், பிஸ்கட்டைச் சமமாகப் பிரிக்காவிட்டாலே சண்டைக்கு வருகிற வயது இது. அதே கதையை இன்னொரு முறை சொல்லு என்று அந்த வாரம் முழுவதும் கேட்டாள். ஜாக்கெட் அன்றே போய்விடவில்லை, இன்னும் ஒன்பது நாள் ஆனது. பத்தாவது நாள் காலையில் அதை நாற்காலியிலேயே விட்டுவிட்டுச் செருப்பு மாட்டப் போனாள்.

பேசினால்தான் பிள்ளை பிரித்துப் பார்க்கத் தொடங்கும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். என் வீட்டில் நான் பார்த்தது நேர்மாறாக இருக்கிறது. ரயிலில் யாரையாவது பார்த்து ஏன் அந்த ஆன்ட்டி முடி சுருட்டையா இருக்கு, ஏன் அந்த அங்கிள் தலையில துணி கட்டியிருக்காரு என்று இப்போது சத்தமாகக் கேட்கிறாள், நான் அடக்குவதில்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்டு முடித்ததும் அவள் கவனம் வேறு எங்கேயோ போய்விடுகிறது. அடக்கினால்தான் அதில் ஏதோ அசிங்கம் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தோன்றும்.

இன நல்லிணக்க நாளை நான் குறைத்துப் பேசவில்லை. 1964 ஜூலை 21-இல் நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயப்பட்டார்கள், செப்டம்பரில் மறுபடியும் மூண்டு இன்னும் 13 உயிர் போனது. அந்த நாளை மறக்கக்கூடாது என்றுதான் 1997 முதல் பள்ளிகளில் இதைக் கொண்டாடுகிறோம். கே1 பிள்ளைகளிடம் கலவரத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் பட்டுப்பாவாடை, சியோங்சாம், பாஜு குரோங், ஒரு குழுப்படம், ஒரு தட்டு முறுக்கு, இதோடு நாள் முடிந்துவிடுகிறது. உங்கள் நுழைவாயிலில் போன வருடப் படம் தொங்குகிறது பாருங்கள். மூன்று பிள்ளைகள் கைகோத்து நிற்கிறார்கள், நடுவில் என் மகள். வலது பக்கம் அவள் கையைப் பிடித்திருப்பது அதே பிள்ளைதான். ஆசிரியர் பிடிக்கச் சொன்னார், பிடித்தது. அந்தப் படத்துக்குக் கீழேதான் மூன்று வாரம் தினமும் ஜாக்கெட்டோடு உள்ளே நுழைந்தாள்.

நம் தேசிய உறுதிமொழியில் ‘இனம், மொழி, மதம் ஆகிய வேற்றுமைகளை மறந்து ஒன்றுபட்டு’ என்று வருகிறது. எனக்குப் பிடித்த வரி அது, பள்ளி நாட்களில் நெஞ்சில் கைவைத்து ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அது வளர்ந்தவர்கள் எடுக்கிற உறுதி. ஐந்து வயதுப் பிள்ளை எதையும் மறக்கிற கட்டத்தில் இல்லை, இப்போதுதான் ஒவ்வொன்றாகக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. பெரியவர்கள் இனத்தைச் சொல்லிப் பகையை மூட்டினால் கேட்கச் சட்டம் இருக்கிறது, 2025 பிப்ரவரியில் இன நல்லிணக்கத்துக்கென்றே தனியாக ஒரு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கே1 பிள்ளையை எந்தச் சட்டமும் தொடாது, தொடவும் கூடாது. அதற்கு இருப்பது பெற்றோரும் ஆசிரியரும்தான், அந்த இரண்டு தரப்புக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை என்பதைத்தான் நாங்கள் கையெழுத்துப் போட்டுச் சொல்லியிருக்கிறோம்.

நாங்கள் கேட்பது இவை.

முதலில், அந்தக் கூட்டம். ஜூலை 21-க்கு முன்பு ஒரு வேலைநாள் மாலை, ஏழு மணியிலிருந்து எட்டரை வரை. பெற்றோரை மட்டும் கூப்பிட்டால் போதாது, தாத்தா பாட்டிகளையும் பணிப்பெண்களையும் கூப்பிடுங்கள், பாதிப் பிள்ளைகள் பகலில் அவர்களிடம்தான் இருக்கின்றன. சீனத்திலும் மலாயிலும் தமிழிலும் மொழிபெயர்க்க நாங்களே ஆள் தருகிறோம். பிள்ளை வளர்ச்சி தெரிந்த ஒருவர் வந்து, மூன்று வயதில் என்ன சொல்லலாம், ஆறு வயதில் என்ன சொல்லலாம், பிள்ளை அடிபட்டு வந்தால் முதல் வாக்கியம் என்ன, நம் பிள்ளையே இன்னொரு பிள்ளையை நோகடித்துவிட்டு வந்தால் எப்படிக் கேட்பது என்று உதாரணத்தோடு சொல்லட்டும்.

கைகழுவும் தொட்டிக்கு மேலிருக்கும் படத்தை நாளைக்கே கழற்றுங்கள். இதற்குக் கூட்டமோ பட்ஜெட்டோ தேவையில்லை. அழுக்கைச் சேறாகக் காட்டலாம், மையாகக் காட்டலாம், ஒருவருடைய தோலாகக் காட்ட வேண்டாம். பொம்மை மூலையில் இருக்கும் ஆறு பொம்மைகளும் ஒரே நிறம், புத்தக அலமாரியில் எங்கள் பிள்ளைகளைப் போன்ற முகம் தீபாவளிப் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது. அவற்றையும் பாருங்கள். பழுப்பில் நான்கைந்து வகை உள்ள வண்ணப் பென்சில் பெட்டிகளை எல்லா வகுப்புக்கும் வாங்குங்கள், செலவைப் பகிர்ந்துகொள்ளப் பெற்றோர் தயாராக இருக்கிறோம்.

ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை நிறத்தையோ இனத்தையோ காட்டி ஒதுக்கினால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் வையுங்கள். ஒதுக்கப்பட்ட பிள்ளையிடம் முதலில் போக வேண்டும். அந்தப் பிள்ளை சொல்வதை முழுசாகக் கேட்க வேண்டும். ஒதுக்கிய பிள்ளை ஏன் அப்படி நினைத்தது என்று திட்டாமல் கேட்டு, அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு வீட்டுக்கும் அன்றே தெரியப்படுத்த வேண்டும். ஸாரி சொல்ல வைத்து ஜோடியை மாற்றுவதோடு முடிக்க வேண்டாம். ஆசிரியர்களுக்கும் இது புதிது என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள், தனியாக விட்டுவிடாதீர்கள்.

இந்த வருட இன நல்லிணக்க நாளில் உடையும் இருக்கட்டும், முறுக்கும் இருக்கட்டும். அதோடு ஒரு அரைமணி நேரம் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, உன்னை விளையாட்டில் சேர்க்காவிட்டால் என்ன செய்வாய், உன் தோழியைச் சேர்க்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள்.

தமிழ்ப் பெற்றோரிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை நிர்வாகத்துக்குத் தாள் போகும்போது “நமக்கெதுக்கு வம்பு, பிள்ளையைத் தனியா கவனிச்சிடுவாங்க” என்று ஒதுங்கிப் போக வேண்டாம். என்னிடம் அப்படிச் சொன்ன ஆறு பேரின் பயம் எனக்குப் புரிகிறது. நானும் இதை எழுத ஒன்பது நாள் தயங்கினேன்.

முதல்வர் அவர்களே, மே மாதம் 30-ஆம் தேதிக்குள் பதிலை எழுத்தில் தாருங்கள். எந்தக் கோரிக்கைக்குச் சம்மதம், எதற்கு இல்லை, இல்லையென்றால் ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. அன்று மாலை நானும் அந்தப் பிள்ளையின் அம்மாவும் சேர்ந்தே உங்கள் அறைக்கு வருகிறோம்.

இப்படிக்கு,
கே1 வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா